தூணுக்குள் பிடிக்கும் கறள்

மட்டக்களப்பின் கல்லடியில் வாவியைக் கடக்கும்போது இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று 1924இல் திறக்கப்பட்ட லேடி மனிங் பாலம்; முழுக்க இரும்புச் சட்டங்கள். மற்றது 2013 மார்ச்சில் திறந்த புதிய பாலம். கொங்கிறீட் தூண்களில் நிற்கிறது. பழைய பாலத்தில் கறள் பிடித்தால் எல்லார் கண்ணிலும் படும். சுரண்டலாம், பெயின்ற் அடிக்கலாம், உக்கிப்போன தகட்டை மாற்றலாம். கொங்கிறீட்டுக்குள் கிடக்கும் கம்பி அப்படியல்ல. அதில் கறள் பிடித்தது வெளியே தெரியவரும்போது சேதம் பல வருடம் பழசாகியிருக்கும்.

பாலங்களைக் கவனிக்கப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். நாவலடி, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளும் மண்திட்டில் நாம் கட்டிவைத்திருக்கும் வீடுகளைக் கவனிக்க அப்படி எவரும் இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் ஓடும் கிடுகும் பறந்ததைப் பார்த்த தலைமுறைக்குக் கொங்கிறீட் பிளாட்டின் மேல் பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பிளாட்டுக்குள் கம்பி எப்படிப் பாதுகாக்கப்படுகிறது, எப்போது அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது என்பதை வீடு கட்டுகிற யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. கம்பியைச் சீமெந்து மூடிவைத்திருக்கிறது, அதனால் கறள் பிடிப்பதில்லை என்றே பெரும்பாலானோர் நினைக்கிறோம். மூடுவது மட்டும் போதுமென்றால் களிமண்ணுக்குள் புதைத்த ஆணியும் கறள் பிடிக்காமல் இருக்கவேண்டும். சீமெந்து செய்வது அதைவிடப் பெரிய வேலை. அது ஒரு இரசாயன வேலை.

சீமெந்து காய்ந்து இறுகுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வேறு பொருளாக மாறுகிறது. சீமெந்துத் தூளில் பெரும்பகுதி கல்சியம் சிலிக்கேற்றுகள். தண்ணீர் பட்டதும் அவை இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்று. மணலையும் கல்லையும் பிடித்து வைப்பது அதுதான். மற்றது கல்சியம் ஐதரொட்சைட்டு, வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. இறுகிய கொங்கிறீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய இருக்கும். அவற்றில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். சுண்ணாம்பும், சீமெந்திலிருந்து வந்த சோடியம், பொற்றாசியம் ஐதரொட்சைட்டுகளும் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும். அதனால் அதன் பி.எச். அளவு 12.5க்கும் 13.5க்கும் இடையில். தூய நீருக்கு அந்த அளவு 7, கடல்நீருக்கு 8ஐ ஒட்டி. மேசன்மாரின் விரலிடுக்கைச் சீமெந்து தின்பது இந்தக் காரத்தால்தான்.

கையைத் தின்னும் அதே காரம் இரும்புக்குக் காவல். இவ்வளவு காரமான நீரில் கிடக்கும்போது கம்பியின் மேற்பரப்பில் இரும்பொட்சைட்டுப் படலம் ஒன்று தானாக உருவாகி ஒட்டிக்கொள்கிறது. அதன் தடிப்பு சில நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பு அதைப்போல் பத்தாயிரம் மடங்கு இருக்கும். இந்த மெல்லிய படலம் இருக்கும்வரை, பக்கத்தில் ஈரமும் ஒட்சிசனும் இருந்தாலும் கம்பி கரைவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. படலத்தில் கீறல் விழுந்தாலும் காரம் இருந்தால் அது மறுபடி உருவாகிவிடும். பிரான்சில் தோட்டக்காரராக இருந்த ஜோசப் மோனியே 1867இல் கம்பி வைத்த சீமெந்துத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் நிற்கும் கொங்கிறீட் கட்டடங்கள் இந்தப் படலத்தை நம்பித்தான் நிற்கின்றன.

இந்தக் காரத்தை வீட்டிலேயே பார்க்கலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா? கொஞ்சம் மஞ்சள்தூளை மருந்துக்கடை ஸ்பிரிற்றில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு பழைய தூணின் ஓரத்தில் புதிதாக உடைந்த முகத்தின் மேல் தெளியுங்கள். உள்பக்கம் செங்கபில நிறமாகும். வெளி விளிம்பை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் மஞ்சளாகவே நிற்கலாம். பொறியியலாளர்கள் இதற்குப் பினோத்தலீன் என்ற கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், இல்லாத இடம் நிறம் மாறாது. துல்லியம் அதில்தான் அதிகம். மஞ்சள், விஷயத்தைக் கண்ணால் பார்க்க மட்டும்.

நிறம் மாறாத அந்த வெளிப்பட்டை ஏன் வருகிறது? காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்துளைகள் வழியாக உள்ளே போய்ச் சுண்ணாம்புடன் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகிறது. சிப்பி ஓடும் முருகைக்கல்லும் இதே பொருள். கொங்கிறீட் இதனால் பலவீனமாவதில்லை. கொஞ்சம் இறுகவும் கூடும். ஆனால் பி.எச். அளவு 9ஐ ஒட்டி இறங்கிவிடும். வெளியிலிருந்து உள்ளே நகரும் இந்த மாற்றத்தின் முனை கம்பியைத் தொட்டதும் படலம் கரையும். நல்ல விஷயம், இந்த முனை போகப்போக மெதுவாக நகரும். 10 வருடத்தில் 10 மில்லிமீற்றர் உள்ளே போயிருந்தால், 20 மில்லிமீற்றர் போக 20 வருடம் போதாது. 40 வருடம் வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கம்பிக்கு மேல் இருக்கவேண்டிய கொங்கிறீட்டின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் பாதியாகாது, நாலில் ஒன்றாகிவிடும். கொங்கிறீட் போடும் நாளில் வேலையாள் கம்பிக்கூட்டின் மேல் மிதித்து, கம்பி பலகையில் போய்ப் படுத்துக்கொள்கிறதே, அந்த ஒரு நிமிடத்தில் இழப்பது இதைத்தான்.

உள்நாட்டில், படுவான்கரையின் வயற்புற ஊர்களில், பெரும்பாலும் இந்தக் காபனீரொட்சைட்டு ஒன்றுதான் எதிரி. கடலோர எழுவான்கரையில் இன்னொன்றும் சேர்கிறது: உப்பு.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவில் ஒரு வாய், தெற்கே கோட்டைக்கல்லாற்றுப் பக்கம் இன்னொரு வாய், இந்த இரண்டாலும் கடலோடு பேசிக்கொள்கிறது. மாரிமழையில் வெள்ளம் இறங்கும்போது வாவி நன்னீரை நெருங்கும். கோடையில் உவர்ப்பு ஏறும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் வீடு. வாடைக்காற்று கடல் திவலையைச் சுவரில் கொண்டுவந்து ஒட்டுகிறது. கச்சான் அடிக்கும் மாதங்களில் ஈரம் உலர்ந்து உப்பு மட்டும் தங்குகிறது. அடுத்த மழையில் அது கரைந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. வருடா வருடம் இப்படி நனைவதும் உலர்வதுமாக, சுவருக்குள் இருக்கும் உப்பு வெளியே இருக்கும் தண்ணீரிலுள்ள உப்பைவிடச் செறிவாகிவிடவும் முடியும்.

உப்பில் கேடு செய்வது குளோரைட்டு அயன். அதற்குக் கொங்கிறீட்டின் காரத்தைக் குறைக்கவேண்டிய தேவையே இல்லை. காரம் முழுதாக இருக்கும்போதே கம்பியின் படலத்தில் ஒரு புள்ளியைத் தேடித் துளைத்துவிடும். அதனால்தான் மஞ்சள் சிவந்துவிட்டது, எல்லாம் நலம் என்று நம் ஊரில் முடிவுகட்டக் கூடாது. உப்பை மஞ்சள் காட்டாது.

சீமெந்து இதற்குச் சும்மா இருந்துவிடுவதில்லை. அதிலுள்ள கல்சியம் அலுமினேற்று என்ற பகுதி, உள்ளே வரும் குளோரைட்டில் ஒரு பங்கைப் பிடித்துப் பிரீடல் உப்பு என்ற பளிங்காக மாற்றி வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட குளோரைட்டு கம்பிக்குத் தீங்கு செய்யாது. நீரில் சுதந்திரமாகத் திரிவதுதான் தீங்கு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாகவேண்டும். கடற்கரை வீட்டுக்குச் சல்பேற்றைத் தாங்கும் சீமெந்துதான் நல்லது என்று கடைகளில் சொல்வார்கள். அந்தச் சீமெந்தில் அலுமினேற்றை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். சல்பேற்று நிறைந்த மண்ணில் போடும் அத்திவாரத்துக்கு அது சரி. ஆனால் குளோரைட்டைப் பிடிக்கும் திறனும் அதனோடேயே குறைந்துவிடுகிறது. கம்பி உள்ள தூணுக்கும் பிளாட்டுக்கும் கடலோரத்தில் அது சிறந்த தெரிவல்ல. இன்னொரு சிக்கல், காபனீரொட்சைட்டு வந்து சேரும்போது பிரீடல் உப்பு உடைந்து, பிடித்து வைத்திருந்த குளோரைட்டை விட்டுவிடுகிறது. எதிரிகள் இருவரும் ஒரே சுவரில் சேர்ந்தால் சேதம் வேகமாவது இதனால்தான்.

படலம் ஒரு புள்ளியில் துளைபட்டதும் கம்பி ஒரு மின்கலமாகிவிடுகிறது. துளைபட்ட இடத்தில் இரும்பு அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டுக் கரைந்து வெளியேறுகின்றன. அந்த இலத்திரன்கள் கம்பி வழியாகவே ஓடி, படலம் இன்னும் நல்லபடி இருக்கும் இடத்துக்குப் போய், அங்கே தண்ணீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. ஆக, ஒரே கம்பியில் ஒரு முனையில் காரம் கூடுகிறது. மறுமுனையில் அமிலம் பிறக்கிறது. அமிலம் எங்கிருந்து வந்தது? கரைந்த இரும்பும் குளோரைட்டும் சேர்ந்த பொருள் தண்ணீரில் உடைந்து இரும்பு ஐதரொட்சைட்டாகிறது. கூடவே ஐதரோக்குளோரிக் அமிலம் வெளிவருகிறது. அதாவது குளோரைட்டு செலவாவதே இல்லை. ஒரு தடவை வேலை முடித்துவிட்டு, அதே குளோரைட்டு அடுத்த இரும்பு அணுவிடம் போகிறது. குழிக்குள் பி.எச். 5க்கும் கீழே இறங்கிவிடும். 13இல் தொடங்கிய இடம் அது.

அந்த அமிலம் கம்பியை மட்டும் தின்பதில்லை. பக்கத்திலுள்ள சுண்ணாம்பையும் கரைத்துக் கல்சியம் குளோரைட்டாக்குகிறது. கம்பியை ஒட்டியிருந்த சீமெந்து, கம்பியைக் காப்பதற்கென்று வைத்திருந்த காரத்தைக் கம்பியிலிருந்தே வந்த அமிலத்துக்கு இழக்கிறது. சீமெந்து எவ்வளவு சுண்ணாம்பு வைத்திருக்கிறதோ அவ்வளவு காலம் சமாளிக்கும். சாக்கை மிச்சம் பிடித்துக் குழைத்த கலவை சீக்கிரம் தோற்றுவிடும்.

கரைந்த இரும்பு போகும் பாதை இன்னும் சுவையானது. அது கம்பியின் மேலேயே படிந்து நிற்கவேண்டும் என்றில்லை. ஒட்சிசன் குறைந்த ஈரமான இடமென்றால், இரும்பு அயன்கள் நுண்துளைகள் வழியாகச் சீமெந்துக்குள் நடந்துபோய், காரமும் ஒட்சிசனும் சந்திக்கும் இடத்தில் படிகின்றன. கறள் பிடித்த தூணின் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், கம்பிக்கும் நல்ல கொங்கிறீட்டுக்கும் நடுவில் கபில நிறம் ஊறிய ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் சீமெந்தும் இரும்புச் சேர்வையும் கலந்தே இருக்கும். எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. துளைகளில் இடம் இருக்கும்வரை கறளுக்கு ஒதுங்க வழி உண்டு. அவை நிரம்பிய பிறகுதான் அழுத்தம் தொடங்குகிறது. சிலவேளை நனைந்த கொங்கிறீட்டைப் புதிதாக உடைக்கும்போது கம்பியின் மேல் கரும்பச்சை நிறத்தில் ஈரமான ஒரு பூச்சு இருக்கும். அது பாசியல்ல, பச்சைக் கறள்; குளோரைட்டைத் தன் அடுக்குகளுக்குள் வைத்திருக்கும் இரும்புச் சேர்வை. காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கி, நமக்குப் பழக்கமான கபிலக் கறளாகிவிடும். அந்த நிறமாற்றத்தை ஒருமுறை பார்த்தவருக்கு உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று வேறு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இரும்பு சீமெந்துக்கு அந்நியமான பொருளும் அல்ல. சீமெந்து சாம்பல் நிறமாக இருப்பதே, சூளையில் அதனோடு வெந்த இரும்பொட்சைட்டினால்தான். இரும்பு நீக்கிய சீமெந்து வெள்ளையாக இருக்கும். ஆனால் அந்த இரும்பு பளிங்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கம்பியிலிருந்து கரைந்து வரும் இரும்பு இடம் கேட்கிறது.

எவ்வளவு இடம்? கறள், அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை பெரிது. எவ்வளவு நீரையும் ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டது என்பதைப் பொறுத்து மாறும். ஊறிய உழுந்து சாடிக்குள் புடைப்பதைப்போல அது எல்லாப் பக்கமும் தள்ளும். கொங்கிறீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்காது, அமுக்கத்தில் காட்டும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பு இரும்பு கறளானாலே போதும், கம்பியின் நீளத்துக்கு வெடிப்பு வந்துவிடும். வெடிப்பு வந்ததும் உப்புக்கும் ஒட்சிசனுக்கும் நேர்ப்பாதை. அதன் பிறகு வருடக்கணக்கில் நடந்தது மாதக்கணக்கில் நடக்கும்.

தொடர்ந்து நீருக்குள்ளேயே இருக்கும் தூணின் பகுதி இவ்வளவு மோசமாகாது. உப்பு நிறைய இருந்தாலும், நீர் நிறைந்த துளைகளில் ஒட்சிசன் மெதுவாகத்தான் நகரும். இலத்திரன்களை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மின்கலம் ஓய்ந்துபோகும். மோசம் எங்கே என்றால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்து நனைந்து உலரும் இடத்தில். கல்லடியிலோ, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்திலோ, ஒரு சிறு இறங்குதுறையிலோ தூண்களைப் பார்வையிடும் பொறியியலாளரின் கண் முதலில் போகும் இடம் அதுதான். வீட்டில் அதற்குச் சமமான இடங்கள் தரையோடு ஒட்டிய தூணடி, குளியலறைப் பிளாட்டின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிற்கும் வளை.

காற்றிலிருந்து வரும் உப்புக்கு வருடங்கள் வேண்டும். குழைக்கும் நாளிலேயே நாம் போட்டுவிடும் உப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பி வைத்த கொங்கிறீட்டில் குளோரைட்டு, சீமெந்தின் நிறையில் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய நியமத்தில் உள்ள எல்லைகளில் ஒன்று. 50 கிலோ சாக்குக்கு அது 200 கிராம். ஒரு சாக்குக்கு 25 லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று வைப்போம். கடல்நீரில் லீற்றருக்கு 19 கிராம் குளோரைட்டு. கடல்நீரால் குழைத்தால் 475 கிராம். எல்லையை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். கடல்நீரால் யாரும் குழைப்பதில்லை என்பீர்கள். சரி, கோடையில் சவர் ஏறிய கிணறு. லீற்றருக்கு 3 கிராம் குளோரைட்டு. அது 75 கிராம். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவைக்கு ஒரு சாக்கோடு ஏறக்குறைய 110 கிலோ மணல் போகும். அது கடற்கரையில் ஈரத்தோடு அள்ளிய மணலாகி, அதில் 8 சதவீதம் கடல்நீர் இருந்தால் இன்னும் 165 கிராம். கூட்டினால் 240. வீடு குடிபுகும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. இந்த வீட்டில் உப்பு வெளியிலிருந்து உள்ளே போகத் தேவையில்லை. கம்பியின் முழு நீளத்திலும் முதல் நாளே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீருக்கு நியமம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1 கிராம் குளோரைட்டு. மனித நாக்கு அதில் கால்வாசி அளவிலேயே உவர்ப்பை உணரத் தொடங்கிவிடும். எனவே வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்காத தண்ணீர் என்றால் குளோரைட்டைப் பொறுத்தவரை பயமில்லை. கரித்தால் பவுசர் தண்ணீர் வாங்குங்கள். முழு வீட்டுச் செலவில் அது ஒரு செலவே அல்ல. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் மண்திட்டைக் கடந்து வாவிக்குள் இறங்கியபோது, கரையோரக் கிணறுகள் கடல்நீரால் நிறைந்தன. இறைத்துச் சுத்தம் செய்த பிறகும் பல கிணறுகள் மழை வந்து கழுவும்வரை உவராகவே இருந்தன. வீடிழந்தவர்கள் அவசரமாகக் கட்டவேண்டியிருந்த காலமும் அதுதான். அந்தக் காலத்தில் கட்டிய வீடு உங்களுடையது என்றால், எந்தத் தண்ணீரில் குழைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

கடல் மணலே கூடாது என்பதல்ல. ஆற்றுமணல் அள்ளுவதால் ஆறுகள் படும் பாட்டைப் பார்த்தால் கடல் மணலுக்கு இலங்கை போகத்தான் வேண்டும். நன்னீரில் கழுவி, அல்லது குவித்து வைத்து மழையில் நனையவிட்டு, பரிசோதித்த பிறகு பயன்படுத்தலாம். கழுவாமல் லோட்டிலிருந்து நேரே கலவைக்குப் போவதுதான் கேடு.

இனித் திருத்த வேலைக்கு வருவோம். பிளாட்டின் அடியிலிருந்து துண்டு விழத் தொடங்கியதும் நடக்கும் உரையாடல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“தம்பி, குசினிப் பிளாட்டில இருந்து துண்டு துண்டா விழுகுதுகா. கம்பியும் தெரியுது.”

“ஒண்டும் பயப்படாதிங்கக்கா. கொத்திப்போட்டுக் கனமாப் பூசிவிட்டாச் சரி.”

பூசுவார்கள். பூசிய இடம் நன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அதற்கு ஒரு முழம் தள்ளி விழும். மேசனின் கைவேலையில் குறையில்லை, நடந்தது மின்வேதியியல். முன்பு கரைந்துகொண்டிருந்த இடம் இலத்திரன்களை அனுப்பிக்கொண்டிருந்ததால், பக்கத்துக் கம்பி ஓரளவு பாதுகாப்பில் இருந்தது. புதுச் சீமெந்து போட்டதும் பழைய இடம் காரம் பெற்றுக் குணமாகிவிட்டது. ஆனால் பக்கத்துக் கொங்கிறீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. இப்போது பக்கத்து இடம் கரையத் தொடங்குகிறது. குணமான இடம் அதற்கு எதிர்முனையாகி அதை வேகப்படுத்துகிறது. திருத்திய இடத்தைச் சுற்றி வளையமாகக் கறள் பரவுவது உலகெங்கும் பொறியியலாளர்கள் அறிந்த சங்கதி.

சரியாகச் செய்வதென்றால், விழுந்த இடத்தோடு நிறுத்தாமல், கம்பி பளபளப்பாகத் தெரியும் இடம்வரை நீளவாக்கில் கொத்தவேண்டும். கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவு கொத்தவேண்டும்; முன்பக்கம் மட்டும் சுரண்டினால் பின்பக்கக் கறள் தொடரும். கம்பித் தூரிகையால் குழிகள்வரை தேய்த்து, நன்னீரால் கழுவி, குழிந்த கம்பியைப் பொறியியலாளரிடம் காட்டி, தேவையானால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்கவேண்டும். உப்பு நிறைந்த கொங்கிறீட்டை முழுவதும் அகற்ற முடியாத இடங்களில் நாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டிப் பூச்சுக்குள் வைக்கும் முறையும் உண்டு. வெளியிணைப்பு எஞ்சின் வைத்திருக்கும் கடற்றொழிலாளருக்கு இது புதிதல்ல. எஞ்சினில் பொருத்தியிருக்கும் நாகக்கட்டி தான் கரைந்து எஞ்சினைக் காப்பதும் இதே விதியால்தான்.

புதிதாகக் கட்டுபவர்கள் கவனிக்கவேண்டியவற்றில் முதலாவது, கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட்டின் தடிப்பு. கடலோரத்தில் 40 முதல் 50 மில்லிமீற்றர் வேண்டும். கலவையை முந்தியே வார்த்து வைத்த சிறு சீமெந்துக் கட்டைகளை முட்டுக் கொடுத்தால் கம்பி இடம் மாறாது. உடைந்த ஓட்டுத் துண்டும் சல்லிக்கல்லும் அதற்கு ஈடல்ல. கட்டுக்கம்பியின் நுனிகளை உள்பக்கமாக வளைத்துவிடச் சொல்லுங்கள். பலகையைத் தொட்டு நிற்கும் ஒரு நுனியே பிறகு பிளாட்டின் அடியில் கபிலப் புள்ளியாகத் தெரியும். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்று தண்ணீர் ஊற்றுவார்கள். மிஞ்சிய தண்ணீர் விட்டுப்போகும் துளைகள்தான் உப்பின் பாதை. போட்ட பிறகு ஒரு கிழமையாவது ஈரம் காயாமல் வைக்கவேண்டும். நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் போன்றவற்றைக் கலந்த சீமெந்துகள் இப்போது கிடைக்கின்றன. அந்தச் சாம்பல் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை நெருக்கிவிடுவதால் குளோரைட்டு மெதுவாகத்தான் நகரும். ஆனால் அதற்கு இன்னும் நீண்ட நாள் நனைப்பு வேண்டும். மூன்றாம் நாளே விட்டுவிட்டால் பலனில்லை.

மேல்மாடி பிறகு கட்டலாம் என்று தூண் தலையில் நீட்டி விட்ட கம்பிகள் நம் ஊரெங்கும் நிற்கின்றன. பிள்ளை வெளிநாடு போய்க் காசு அனுப்பும் வரை அவை பத்து வருடம் வாடையிலும் வெயிலிலும் நிற்கும். வெளியே தெரியும் கறள் அவ்வளவு பிரச்சினையில்லை. கம்பி கொங்கிறீட்டுக்குள் இறங்கும் அந்தக் கழுத்தில் மழைநீர் தேங்கி, உப்போடு உள்ளே இறங்குவதுதான் பிரச்சினை. வலுக்குறைந்த சீமெந்துக் கலவையால் அந்தக் கம்பிகளை மூடிவிட்டு, மாடி கட்டும் நாளில் உடைத்து எடுக்கலாம். கொஞ்சம் கறள் இருந்தால் சீமெந்து நன்றாகப் பிடிக்கும் என்று மேசன்மார் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. மெல்லிய, இறுக்கமான கறளுக்கு அது பொருந்தும். கையில் ஒட்டும் பொருக்குக் கறளுக்கு, அதுவும் உப்புக் காற்றில் வந்ததற்கு, பொருந்தாது. தமிழ்நாட்டின் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கரையில் இரும்பை வருடக்கணக்கில் வெயிலிலும் உப்பிலும் வைத்து ஆராய்ந்திருக்கிறது. அங்கே உருவான முறைகளில் ஒன்று, கம்பியின் கறளை அமிலக் கரைசலால் நீக்கி, அரிப்புத் தடுப்பான் கலந்த சீமெந்துக் குழம்பையே கம்பிக்குப் பூசுவது. எண்ணெய்ப் பெயின்ற் அடிப்பதைவிட இது பொருத்தம். கம்பிக்கு வேண்டிய காரத்தை முதலிலேயே அதன் மேல் வைத்துவிடுகிறது.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இதே வாவிக் காற்றில் நிற்கிறது. பழைய சுவர்கள் உப்பைத் தாங்கியதற்குக் காரணமாகப் பலர் அந்தக்காலக் கலவையைச் சொல்வார்கள். அந்தச் சுவருக்குள் புடைத்து வெடிக்கக் கம்பி இல்லை என்பதுதான் பெரிய காரணம் என்பேன். நாம் அப்படிக் கட்ட முடியாது. பிளாட்டும் வளையும் கம்பியில்லாமல் நிற்காது.

வீட்டைச் சுற்றி வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும் பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக வரும் வெடிப்பு, கபில நிற ஒழுகல், தட்டினால் வெற்றொலி கேட்கும் இடம், இந்த மூன்றும் உள்ளே கறள் தொடங்கிவிட்டதன் அடையாளம். வீட்டில் அவசரமாகப் பார்க்கவேண்டியவை வெளியே நீட்டிக் கட்டிய பல்கனியும் ஜன்னல் மேல் தட்டும். அவற்றில் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். மழைநீர் தேங்குவதும் மேல்பக்கத்தில்தான். கீழே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது, விழும்போது ஒரேயடியாக விழும். ஏணி வைத்து ஏறி, சுவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சுவருக்கு இணையாக வெடிப்பு ஓடினால், மேலே இருக்கும் பூச்சட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் இறக்கிவிட்டு, கீழே முட்டுக் கொடுத்து, அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொண்டு, மேசனைக் கூப்பிடும் முன் ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.